ஹாங்காங்: ஒரு மசோதாவுக்கு எதிராக ஏன் அத்தனை பேர் தெருவுக்கு வந்தார்கள்?

வேம்பு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடிப் பேசுகிறோம். இந்த முறை ஹாங்காங் என் பொறுப்பு. 'நாடு கடத்தும் மசோதா'வை எதிர்த்து அங்கே நடந்த 2019 போராட்டம் பற்றி ஓரளவு படித்துக்கொண்டுதான் போனேன். ஆனால் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல முடியாமல் நின்றுவிட்டேன்.

அவர் கேட்டது இதுதான். 2018 பிப்ரவரியில் ஹாங்காங் இளைஞன் ஒருவன் காதலியோடு தைவானுக்குப் போகிறான். அங்கே அவளைக் கொன்று, உடலைப் பயணப் பெட்டியில் அடைத்து எடுத்துப்போய்ப் புதரில் போட்டுவிட்டுத் தனியாக ஊர் திரும்புகிறான். அந்தப் பெண்ணுக்கு 20 வயது, கர்ப்பிணி. கொன்றதை ஹாங்காங் போலீஸிடம் அவனே ஒப்புக்கொண்டான். ஆனால் கொலை நடந்தது தைவானில் என்பதால் ஹாங்காங் நீதிமன்றம் அதை விசாரிக்க முடியாது. தைவானுக்கு அனுப்பவும் சட்டம் இல்லை. கடைசியில் அவள் பணத்தைக் கையாண்டதற்காக மட்டும் 29 மாதச் சிறை. "இந்த ஓட்டையை அடைக்கத்தானே மசோதா கொண்டுவந்தார்கள்? அந்தப் பெண்ணைப் பெற்றவர்களுக்கு நியாயம் வேண்டாமா? இதை எதிர்த்து ஊரே திரண்டது எப்படிச் சரியாகும்?" என்றார்.

எனக்கும் அந்தக் கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வழக்காடி எழுதியது:

வேம்பு, அந்த ஆசிரியரின் கேள்வி நியாயமானது. அதைத் தள்ளிவிட்டு ஹாங்காங்கைப் பேசுவது சரியில்லை. ஆகவே அங்கேயே தொடங்குகிறேன்.

முதலில் சொல்லைச் சரிசெய்து கொள்வோம். பத்திரிகைகள் 'நாடு கடத்தும் மசோதா' என்று எழுதின. நாடு கடத்துவது என்றால் வெளியாளை ஊரைவிட்டு வெளியேற்றுவது. இது அதுவல்ல. ஓரிடத்தில் குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் ஒருவரைப் பிடித்து, அந்த இடத்தின் நீதிமன்றத்திடம் ஒப்படைப்பது. அங்கே நடக்கும் விசாரணை எப்படிப்பட்டது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

ஹாங்காங்கின் ஒப்படைப்புச் சட்டம் 1997ல் வந்தது. 20 நாடுகளோடு ஹாங்காங் ஒப்பந்தம் போட்டிருந்தது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் அதில் உண்டு. ஆனால் சீனாவின் பிற பகுதிகளுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது என்று சட்டத்திலேயே ஒரு விலக்கு இருந்தது. சீனப் பெருநிலம், மக்காவ், தைவான் மூன்றுமே அந்த விலக்குக்குள் வந்துவிடும். 2019ல் அரசு ஓட்டை என்று சொன்னது இதைத்தான். கடைசி பிரிட்டிஷ் ஆளுநர் கிறிஸ் பேட்டன் உள்படப் பலர் மறுத்தார்கள். அது மறதியாக விட்டுப்போனது அல்ல, தெரிந்தே வைத்த தடுப்பு என்றார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. இரண்டு வேறு நீதிமுறைகளுக்கு நடுவே எழுப்பிய சுவர் அது.

மசோதா அந்தச் சுவரை எடுத்தது. அதோடு இன்னொன்றும் செய்தது. ஒப்பந்தம் இல்லாத இடத்துக்கு ஒருவரைத் தனி ஏற்பாட்டில் அனுப்ப வேண்டுமென்றால், பழைய சட்டப்படி அந்த ஏற்பாடு சட்டமன்றத்தின் பார்வைக்கு வர வேண்டும். புதிய மசோதாவில் ஹாங்காங் அரசின் தலைவரான தலைமை நிர்வாகி கொடுக்கும் சான்றிதழே போதும். அப்புறம் நீதிமன்றம் பார்க்கும், உண்மைதான். ஆனால் அது என்ன பார்க்கும்? வழக்குக்கு முகாந்திரம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அங்கே வழக்கறிஞர் கிடைப்பாரா, வாக்குமூலம் அடித்து வாங்கியதா என்றெல்லாம் ஆழமாகப் போய் விசாரிக்க அந்த நீதிபதிக்கு இடம் குறைவு. சீனக் குற்றவியல் நீதிமன்றங்களில் தண்டனை விகிதம் 99 விழுக்காட்டுக்கு மேல். அங்கே அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் தலைமை நிர்வாகி யார்? 1,200 பேர் கொண்ட குழுவில் 777 வாக்கு வாங்கி, பெய்ஜிங்கின் நியமனம் பெற்று வந்தவர். பெய்ஜிங் கேட்டால் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைக்க வேறு வழி இருந்தது. வெளியூரில் ஹாங்காங்வாசி செய்த கொலையை ஹாங்காங் நீதிமன்றமே விசாரிக்கலாம் என்று சட்டம் திருத்தலாம். தைவானுக்கு மட்டும் தனி ஏற்பாடு செய்யலாம். இந்த யோசனைகளை வழக்கறிஞர்களும் எதிர்க்கட்சியினருமே முன்வைத்தார்கள். அரசு கேட்கவில்லை. இதைவிட முக்கியமானது, 2019 மே மாதமே தைவான் சொல்லிவிட்டது: இந்தத் திருத்தத்தின் கீழ் அந்த ஆளை அனுப்பினால் வாங்க மாட்டோம் என்று. எந்த வழக்கைக் காட்டி மசோதா கொண்டுவந்தார்களோ, அந்த வழக்குக்கே அது உதவாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அப்படியும் விடாமல் நகர்த்தினார்கள். சந்தேகம் அங்கேதான் உறுதியானது.

ஆசிரியரிடம் இதைச் சொல்லுங்கள்.

நிலாமுற்றம் எழுதியது:

மிக நன்றாக விளக்கினீர்கள். ஒரு சந்தேகம். ஹாங்காங் சீனாவின் பகுதிதானே? ஒரே நாட்டுக்குள் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கைதியை அனுப்புவது போலத்தானே இது?

வழக்காடி எழுதியது:

அப்படித் தோன்றும். ஆனால் ஹாங்காங்கை 1997ல் சீனாவிடம் திருப்பித் தருவது பற்றி 1984 டிசம்பரில் பிரிட்டனும் சீனாவும் கையெழுத்திட்ட கூட்டுப் பிரகடனம், அதன்பின் 1990ல் பெய்ஜிங் நிறைவேற்றிய அடிப்படைச் சட்டம், இரண்டும் சொல்வது வேறு. ராணுவமும் வெளியுறவும் பெய்ஜிங்கிடம். நீதிமன்றம், போலீஸ், நாணயம், சுங்கம், குடிவரவு எல்லாம் ஹாங்காங்கிடம். இறுதித் தீர்ப்பு வழங்கும் அதிகாரமும் ஹாங்காங் நீதிமன்றத்துக்கே. இந்த முறை 50 ஆண்டு மாறாது என்று 5ஆம் பிரிவு. 'ஒரு நாடு, இரு அமைப்பு' என்பது இதுதான். ஆகவே ஹாங்காங்குக்கும் அடுத்த கரையில் இருக்கும் பெருநிலத்து நகரமான ஷென்ஜெனுக்கும் இடையே இருப்பது மாவட்ட எல்லை மாதிரி அல்ல. பாஸ்போர்ட் சோதனைச் சாவடி உள்ள எல்லை.

தென்திசை எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஹாங்காங் எப்படிப் போனது? அபினிப் போரில் தோற்ற சீனாவிடமிருந்து 1842ல் தீவைப் பிடுங்கினார்கள். 1860ல் கௌலூன். 1898ல் புதிய பிரதேசங்களை 99 ஆண்டு குத்தகைக்கு எடுத்தார்கள். அந்தக் குத்தகை முடியும் நாள்தான் 1997. இத்தனை ஆண்டு ஆண்ட பிரிட்டன் அங்கே ஜனநாயகம் கொடுத்ததா? சட்டமன்றத்துக்கு நேரடித் தேர்தலே 1991ல்தான், அதுவும் 60ல் 18 இடம். ஊரைக் காலி செய்யும் நேரத்தில் வந்த ஞானம். இதையெல்லாம் விட்டுவிட்டு 2019ஐ மட்டும் பார்த்தால் சீனாதான் வில்லன் என்று தோன்றும்.

அடுத்தது, போராட்டம் அமைதியாக நடந்தது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஜூலை 1 அன்று சட்டமன்றக் கட்டிடத்தை உடைத்து உள்ளே புகுந்தார்கள். நவம்பரில் வாக்குவாதம் செய்த ஒருவர்மேல் எரிபொருள் ஊற்றிக் கொளுத்தினார்கள். இரண்டு நாள் கழித்து, ஷெங் ஷூயியில் 70 வயதுத் துப்புரவுத் தொழிலாளி தலையில் செங்கல் பட்டுச் செத்தார். அந்தக் கிழவர் யாருக்கு என்ன செய்தார்? அவரைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

சிங்கைச்செல்வி எழுதியது:

தென்திசை அண்ணன் சொன்னதில் ஒரு பாதியை நானும் நேரில் பார்த்தேன். 2019 ஆகஸ்ட் 13, ஹாங்காங் விமான நிலையத்தில் சிக்கிக்கொண்டேன். விமானம் ரத்து. வயதான அம்மா ஒருவர் சக்கர நாற்காலியில், வழி கேட்டுக் கேட்டு அழுதுவிட்டார். அன்று இரவு பெருநிலத்துப் பத்திரிகையாளர் ஒருவரைக் கட்டிவைத்ததும் நடந்தது. கோபம் கோபமாக வந்தது எனக்கு.

மறுநாள் பிள்ளைகள் வருகை வாசலில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தொல்லைக்கு மன்னியுங்கள், பயந்துவிட்டோம் என்று ஆங்கிலத்திலும் சீனத்திலும் எழுதியிருந்தது. ஒரு பையனுக்குப் பதினாறு பதினேழு வயதுதான் இருக்கும், அட்டையைப் பிடித்த கை நடுங்கிக்கொண்டே இருந்தது. எனக்குக் கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனால் அந்தக் கையை மறக்க முடியவில்லை.

காயல்காக்கா எழுதியது:

பல நாளாக இங்கே படிப்பதோடு சரி. இன்று எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

நான் காயல்பட்டினம். எங்கள் ஊர்க்காரர்கள் ஹாங்காங்கில் ரத்தினக்கல் வியாபாரம் செய்வது பலருக்குத் தெரிந்திருக்கும். வாப்பாவுக்கு ஒத்தாசையாக 1994ல் போனேன். 2022ல் ஊர் திரும்பிவிட்டேன். கடை சிம் ஷா சுயில், நாதன் சாலைக்குப் பின்னால் ஒரு மாடியில். 1997ல் ஊர் சீனாவிடம் கைமாறிய இரவையும் அங்கேதான் பார்த்தேன். கொட்டும் மழை.

மசோதா பேச்சு வந்தபோது எங்களைப் போன்ற வியாபாரிகளே பயந்தார்கள். பெருநிலத்தில் தொழில் செய்த எவனும் ஏதாவது ஒரு விதியை மீறியிருப்பான். நாளைக்கு அங்கே ஓர் ஆளும் கட்சிக்காரனோடு தகராறு வந்தால் பழைய கோப்பைத் தூசு தட்டுவான். முதலில் 46 வகைக் குற்றம் பட்டியலில் இருந்தது. வணிகச் சங்கங்கள் சத்தம் போட்ட பிறகு வணிகம் சார்ந்த 9 வகையை எடுத்தார்கள். பணக்காரர் பயத்துக்குக் காது கொடுத்தார்கள் என்பதை ஊர் முழுக்கக் கவனித்தது.

ஆனால் உண்மையான பயம் புத்தகக்கடையிலிருந்து வந்தது. காஸ்வே பேயில் ஒரு சின்ன மாடிக் கடை, பெய்ஜிங் தலைவர்களைப் பற்றிய புத்தகம் விற்கும். 2015 கடைசியில் அந்தக் கடையைச் சேர்ந்த 5 பேர் ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போனார்கள். ஒருவர் தாய்லாந்திலிருந்து. ஒருவர் ஹாங்காங்கிலிருந்தே. அவருடைய எல்லை கடக்கும் அட்டை வீட்டிலேயே இருந்தது. அட்டை இல்லாமல் ஆள் எப்படிப் பெருநிலத்துக்குப் போனார்? எங்கள் கடையில் வேலை பார்த்த பெண் அப்போது என்னிடம் கேட்டது இதைத்தான். அவளை இங்கே லிங் என்று சொல்கிறேன், அது அவள் பெயரல்ல. "சட்டம் இல்லாதபோதே கொண்டு போகிறார்கள், சட்டமும் வந்துவிட்டால்?" என்றாள். அரசியல் பேசாத பிள்ளை அவள். ஜூன் 9 ஊர்வலத்துக்குப் போனாள். அதுதான் அவள் வாழ்க்கையில் முதல் ஊர்வலம்.

வேம்பு எழுதியது:

காக்கா, நீங்கள் எழுதியதற்கு மிக்க நன்றி. இன்னும் சொல்லுங்கள். ஜூன் 9 எப்படி இருந்தது?

காயல்காக்கா எழுதியது:

நான் போகவில்லை தங்கச்சி. வெளிநாட்டுக்காரன், கடை, குடும்பம். லிங் சொன்னதும் கண்ணால் பார்த்ததும் சொல்கிறேன்.

ஏற்பாட்டாளர்கள் கணக்கில் 10 லட்சத்துக்கு மேல், போலீஸ் கணக்கில் உச்ச நேரத்தில் 2,40,000. அன்று இரவே அரசு அறிக்கை விட்டது, 12ஆம் தேதி மசோதா விவாதத்துக்கு வரும் என்று. இத்தனை பேர் நடந்தது கண்ணில் படவே இல்லை என்கிற மாதிரி. 12ஆம் தேதி சட்டமன்றத்தைச் சுற்றிக் கூட்டம். 150க்கும் மேற்பட்ட கண்ணீர்ப்புகைக் குண்டுகள். 15ஆம் தேதி தலைமை நிர்வாகி கேரி லாம் மசோதாவை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார், விலக்கவில்லை. அன்று மாலை மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒருவர் எதிர்ப்புப் பதாகை கட்டிவிட்டுக் கட்டிடச் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். மறுநாள் 16ஆம் தேதி 20 லட்சம் என்றார்கள் ஏற்பாட்டாளர்கள். போலீஸ் கணக்கு 3,38,000. எது சரியென்று எனக்குத் தெரியாது. ஊரின் மக்கள்தொகையே 75 லட்சம். எங்கள் கட்டிடக் காவலாளி, எதிரே மருந்துக்கடைக் கிழவி, லிங்கின் அம்மா எல்லோரும் போனார்கள் என்பது தெரியும். ஆம்புலன்ஸ் வந்தால் அத்தனை கூட்டமும் இரண்டாகப் பிரிந்து வழிவிட்ட காட்சியை நீங்களும் காணொளியில் பார்த்திருப்பீர்கள்.

எனக்கு மனதில் நிற்பது வேறு. அங்கே எல்லோரும் ஆக்டோபஸ் அட்டையைத் தட்டித்தான் ரயில் ஏறுவார்கள். காசு கொடுத்துச் சீட்டு எடுப்பவர் சுற்றுலாப் பயணி மட்டும்தான். அந்த ஜூன் மாதம் ஒருநாள் இரவு நிலையத்துக்குள் போனால், சீட்டு இயந்திரத்தின் முன் நீண்ட வரிசை. எல்லாம் உள்ளூர்ப் பிள்ளைகள். அட்டையைத் தட்டினால் எங்கே ஏறினோம், எங்கே இறங்கினோம் என்று பதிவாகும், அதனால் காசு. சில்லறை இல்லாதவர்களுக்காக இயந்திரத்தின் தலைமேல் நாணயங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, தேவைக்கு எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் மடித்து வைத்த டீசர்ட்டுகள், கறுப்புச் சட்டையை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவதற்கு. தன் ஊர் ரயிலில் ஏறவே இத்தனை கவனம் எடுக்க வேண்டிய நிலை வந்துவிட்டதே என்று அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தென்திசை எழுதியது:

காக்கா, நீங்கள் சொன்ன பிறகு மறுத்துப் பேசக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். செப்டம்பர் 4ஆம் தேதி கேரி லாம் மசோதாவை விலக்குவதாக அறிவித்துவிட்டார். வெற்றி கிடைத்த பிறகும் ஏன் நிற்கவில்லை? அங்கேதான் பிழை என்பது என் எண்ணம். நின்றிருந்தால் 2020 வந்திருக்காது.

வழக்காடி எழுதியது:

இது முக்கியமான கேள்வி, சுலபமான பதில் இல்லை.

ஜூன் 9க்கும் செப்டம்பர் 4க்கும் இடையே நடந்தவற்றைப் பாருங்கள். ஜூலை 21 இரவு யுவென் லாங் ரயில் நிலையத்தில் வெள்ளைச் சட்டைக் கும்பல் பிரம்போடு புகுந்து பயணிகளை அடித்தது. போலீஸ் வந்து சேர ஆன 39 நிமிடத்தை ஹாங்காங்காரர் எவரும் மறக்கவில்லை. ஆகஸ்ட் 31 பிரின்ஸ் எட்வர்ட் நிலையத்தில் ரயில் பெட்டிக்குள் போலீஸ் தடியடி. ஆகவே அதற்குள் கோரிக்கை ஐந்தாகிவிட்டது: மசோதாவை விலக்குவது, 'கலவரம்' என்ற முத்திரையை நீக்குவது, கைதானவர்களை விடுவிப்பது, போலீஸ் நடவடிக்கை பற்றிச் சுதந்திரமான விசாரணை, எல்லோருக்கும் வாக்குரிமை. ஐந்தில் ஒன்றைத்தான் கொடுத்தார்கள், அதுவும் மூன்று மாதம் தாமதமாக. சுதந்திரமான விசாரணை ஆணையத்தை மட்டும் ஜூலையில் அமைத்திருந்தால் பாதிக்கூட்டம் வீட்டுக்குப் போயிருக்கும் என்பது என் துணிபு. காலனி ஆட்சியே 1966ல் படகுக் கட்டண உயர்வுக் கலவரத்துக்கு விசாரணை ஆணையம் வைத்தது.

துப்புரவுத் தொழிலாளி பற்றி நீங்கள் சொன்னதை நான் முழுதாக ஏற்கிறேன். அந்தச் செங்கலை எந்தக் கோரிக்கையும் நியாயப்படுத்தாது. இயக்கத்துக்குத் தலைமை இல்லை என்பதைப் பெருமையாகச் சொன்னார்கள். 'நீரைப் போல் இரு' என்ற புரூஸ் லீயின் வாசகம் எல்லோர் வாயிலும் இருந்தது. பிடிக்க முடியாது என்பது அதன் பலம். தப்பு நடக்கும்போது நிறுத்து என்று சொல்ல ஆள் இல்லை என்பது அதன் கேடு. இரண்டும் ஒரே காரணத்தால் வந்தவை.

ஆனால் மக்கள் யார் பக்கம் நின்றார்கள் என்பதற்கு ஒரு அளவு உண்டு. நவம்பர் 24 மாவட்டக் கவுன்சில் தேர்தல். அந்தத் தீக்கொளுத்தலும் செங்கலும் நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. போராட்டக்காரர்கள் உள்ளே இருக்கப் போலீஸ் சுற்றிவளைத்த பாலிடெக்னிக் பல்கலைக்கழக முற்றுகை அப்போதும் முடியவில்லை. 71 விழுக்காடு வாக்குப்பதிவு, அதுவரை இல்லாத அளவு. 452 இடங்களில் 390க்கு நெருக்கமாக ஜனநாயகத் தரப்பு வென்றது. 18 கவுன்சில்களில் 17. அமைதியாக இருக்கும் பெரும்பான்மை நம்மோடு என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பெரும்பான்மை வரிசையில் நின்று பதில் சொன்னது.

நிலாமுற்றம் எழுதியது:

நம் பக்கத்து ஊர்களின் தன்னாட்சிச் சிக்கல்களும் இதைப் படிக்கும்போது நினைவுக்கு வருகின்றன.

வழக்காடி எழுதியது:

எனக்கும்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனி வரலாறு. இங்கே ஹாங்காங்கை மட்டும் பேசி முடிப்போம். வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இன்னும் பாக்கி. அடிப்படைச் சட்டத்தின் 158ஆம் பிரிவு. அந்தச் சட்டத்துக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் பெய்ஜிங்கில் உள்ள தேசிய மக்கள் காங்கிரஸின் நிலைக்குழுவிடம் இருக்கிறது. ஹாங்காங் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லலாம். ஆனால் அந்தத் தீர்ப்பு நிற்கும் சட்டவரிக்கு 'இதுதான் பொருள்' என்று சொல்லும் கடைசி வாய் அங்கே. 1999 ஜனவரியிலேயே இது வந்துவிட்டது. பெருநிலத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும் ஹாங்காங்கில் குடியிருக்கும் உரிமை உண்டு என்று இறுதி முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்துவிடுவார்கள் என்று ஹாங்காங் அரசே பயந்துபோய்ப் பெய்ஜிங்கிடம் விளக்கம் கேட்டது. ஜூனில் நிலைக்குழு வேறு பொருள் சொன்னது. அன்று ஹாங்காங் மக்களில் பலருக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. வழக்கறிஞர்கள் மட்டும் கறுப்பு உடையில் மௌனமாக நடந்தார்கள். 2019 ஜூன் 6 அன்றும் அவர்கள் அப்படித்தான் நடந்தார்கள், கிட்டத்தட்ட 3,000 பேர் என்று கணக்கு. அந்த இருபது ஆண்டில் வித்தியாசம் என்னவென்றால், 2019ல் மூன்று நாள் கழித்து ஊரே பின்னால் வந்தது.

கொடுத்தவரிடமே அதன் பொருளையும் கேட்க வேண்டிய தன்னாட்சி, கொடுத்தவரின் மனநிலை வரைக்கும்தான் ஓடும். மற்ற விஷயங்களில் இது சட்டப் புத்தகத்துக்குள் இருக்கும் சிக்கல். ஒப்படைப்பில் மட்டும் அது ஆளின் உடம்பு வரை வந்துவிடுகிறது, எந்தச் சிறையில் தூங்குவாய் என்று. அதனால்தான் மருந்துக்கடைக் கிழவிக்கும் அது புரிந்தது.

தென்திசை எழுதியது:

158 எனக்குப் புதுச் செய்தி. இதை 1990லேயே எல்லோரும் படித்துத்தானே ஒப்புக்கொண்டார்கள்?

வழக்காடி எழுதியது:

ஹாங்காங் மக்களிடம் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. 1984 பேச்சுவார்த்தையில் லண்டனும் பெய்ஜிங்கும் இருந்தன, அவர்களுக்கு நாற்காலி இல்லை. இதில் நீங்கள் பிரிட்டன் பற்றிச் சொன்ன குறை முழுக்கச் சரி. 2019 அக்டோபரில் முகமூடித் தடை கொண்டுவர அரசு எடுத்த அவசரகாலச் சட்டம்கூட 1922ல் பிரிட்டிஷ்காரர் மாலுமிகள் வேலைநிறுத்தத்தை ஒடுக்கச் செய்ததுதான். கலவரத்துக்கு 10 ஆண்டுச் சிறை என்ற சட்டமும் அவர்கள் விட்டுப்போனதே.

சிங்கைச்செல்வி எழுதியது:

காக்கா, அக்டோபரில் பள்ளிவாசலில் நீலத் தண்ணீர் அடித்தார்கள் அல்லவா, அப்போது நீங்கள் அங்கேயா?

காயல்காக்கா எழுதியது:

பக்கத்தில்தான் இருந்தேன்.

அதற்கு முன் ஒன்று. அக்டோபர் 16 அன்று ஊர்வல அமைப்பாளர் ஜிம்மி ஷாமைச் சுத்தியலால் தாக்கினார்கள். தாக்கியவர்கள் தெற்காசியர் என்று செய்தி பரவியது. 20ஆம் தேதி ஊர்வலம் நாதன் சாலை வழியாக வருகிறது. தெற்காசியரும் ஆப்பிரிக்கரும் கடை வைத்திருக்கும் சுங்கிங் மேன்ஷன்ஸ் கட்டிடத்தையும் பள்ளிவாசலையும் பழிவாங்குவார்கள் என்று வதந்தி. காலையிலேயே கல் பொட்டலங்களைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டேன். தம்பியையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நடந்தது வேறு. சுங்கிங் வாசலில் நம் ஆட்களும் பாகிஸ்தானியரும் ஆப்பிரிக்கரும் நின்று ஊர்வலத்தில் வந்தவர்களுக்குத் தண்ணீர்ப் புட்டியும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். வந்தவர்கள் கைதட்டி நன்றி சொல்லிப் போனார்கள். அந்த ஊரில் வீடு வாடகைக்குக் கேட்டால் நம் நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்துவார்கள், அது எனக்குத் தெரியும். அன்று அப்படி இல்லை.

மத்தியானத்துக்குப் பிறகு ஊர்வலம் போய்விட்டது. பள்ளிவாசல் வாசலில் காவலுக்காக நின்றவர்கள் ஐந்தாறு பேர்தான். போலீஸின் தண்ணீர் பீரங்கி வண்டி வந்து நின்றது, நீலத் தண்ணீரை அவர்கள் மேலும் வாசல் மேலும் அடித்தது. அந்தத் தண்ணீரில் எரிச்சல் மருந்து கலந்திருக்கும், பட்டால் தோல் நெருப்பு மாதிரி எரியும். நாங்கள் தொழப் போகும் படிக்கட்டு முழுக்க நீலம். கொஞ்ச நேரத்தில் யாரும் கூப்பிடாமலே உள்ளூர்ப் பிள்ளைகள் துணியும் வாளியுமாக வந்து தேய்க்க ஆரம்பித்தார்கள். உள்ளே வரலாமா, செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று ஒவ்வொருவரும் கேட்டுக் கேட்டுத்தான் வந்தார்கள். மறுநாள் கேரி லாம் தலையில் துணி போட்டுக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்டார். எங்கள் பெரியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். போலீஸ் தெரியாமல் பட்டது என்றது.

வேம்பு எழுதியது:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை, காக்கா.

அந்த இளைஞன் கடைசியில் என்ன ஆனான்? ஆசிரியர் கட்டாயம் கேட்பார். அப்புறம் இப்போது ஒப்படைப்பு நிலைமை என்ன?

வழக்காடி எழுதியது:

2019 அக்டோபர் 23 அன்று விடுதலையாகி வெளியே வந்தான். தைவானுக்குப் போய்ச் சரணடைகிறேன் என்று சொன்னான். எங்கள் போலீஸை அனுப்பி அழைத்து வருகிறோம் என்றது தைவான். உங்கள் போலீஸுக்கு இங்கே அதிகாரம் இல்லை என்றது ஹாங்காங். அவன் போகவில்லை. அதே நாளில்தான் மசோதாவும் சட்டமன்றத்தில் முறைப்படி விலக்கப்பட்டது. அந்தப் பெண்ணின் தாய் இன்று வரை கொலை வழக்கின் தீர்ப்பைப் பார்க்கவில்லை. இதில் அரசியல்வாதிகள் எந்தத் தரப்பில் இருந்தாலும் தலைகுனிய வேண்டும்.

ஒப்படைப்பு நிலைமை. 2020 ஜூன் 30 இரவு தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஹாங்காங் சட்டமன்றத்தில் ஒரு நிமிட விவாதம் இல்லை. பெய்ஜிங் நிறைவேற்றி, அடிப்படைச் சட்டத்தின் மூன்றாம் பின்னிணைப்பில் சேர்த்தது. முழு வாசகம் அமலுக்கு வந்த இரவில்தான் வெளியானது. அதன் 55ஆம் பிரிவுப்படி சில வழக்குகளைப் பெருநிலமே எடுத்து விசாரிக்கலாம். 2019 மசோதாவிலாவது முகாந்திரம் பார்க்க ஹாங்காங் நீதிபதி ஒருவர் இருந்தார். 38ஆம் பிரிவுப்படி உலகில் எங்கிருந்து, எந்த நாட்டவர் செய்தாலும் குற்றம்தான். உங்களுக்கும் எனக்கும் அது பொருந்தும். 2023 ஜூலையில் வெளிநாட்டில் இருக்கும் 8 பேர் தலைக்கு ஆளுக்குப் பத்து லட்சம் ஹாங்காங் டாலர் விலை வைத்தார்கள்.

இந்தச் சட்டத்தால் 20 ஒப்படைப்பு ஒப்பந்தங்களில் கிட்டத்தட்டப் பாதி நின்றுபோயிற்று. 2020 ஜூலையில் கனடா முதலில் நிறுத்தியது. ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூசிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா என்று தொடர்ந்தது. உள்ளே, சட்டமன்றத் தேர்தலுக்குத் தங்கள் வேட்பாளர்களைத் தேர்வு செய்ய மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியதற்காக ஜனநாயகத் தரப்பினர் 47 பேர் மேல் வழக்கு. 45 பேருக்கு 2024 நவம்பரில் 4 முதல் 10 ஆண்டு வரை சிறை. சட்டமன்றத்தின் 90 இடங்களில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது இப்போது 20. 2021 டிசம்பரில் வாக்களித்தவர்கள் 30 விழுக்காடு.

தென்திசை எழுதியது:

71க்கும் 30க்கும் இடையே இரண்டே ஆண்டு. நான் தொடக்கத்தில் எழுதியதில் பிரிட்டன் பற்றியதையும் அந்தத் தொழிலாளி பற்றியதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் நின்றிருந்தால் 2020 வந்திருக்காது என்றேனே, அதை இப்போது அத்தனை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 158ஆம் பிரிவு 1990லேயே இருந்திருக்கிறது.

நிலாமுற்றம் எழுதியது:

காக்கா, லிங் இப்போது எங்கே இருக்கிறார்?

காயல்காக்கா எழுதியது:

மான்செஸ்டரில். 1997க்கு முன் பிறந்து பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பிரிட்டன் கொடுத்த பழைய கடவுச்சீட்டு அவளிடம் இருந்தது. 2021 ஜனவரி 31 முதல் அதை வைத்து அங்கே குடியேறலாம் என்று வழி திறந்தார்கள். அந்த வருடம் செப்டம்பரில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள். கடைச் சாவியை என் கையில் கொடுக்கும்போது, சாவிக்கொத்திலிருந்த சின்ன மஞ்சள் குடையை, ஜனநாயகப் போராட்டத்தின் அடையாளம் அது, அதை மட்டும் கழற்றிக்கொண்டாள்.

ஹாங்காங்கில் சம்பளத்தில் பிடிக்கும் கட்டாய சேமநிதி உண்டு. ஊரைவிட்டு நிரந்தரமாகப் போகிறவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கடவுச்சீட்டை ஹாங்காங் அரசு இப்போது செல்லாது என்கிறது. அதில் போனவர்கள் குடியேறியதற்கு ஆதாரமாக அதைக் காட்ட முடியாது. என்னிடம் 8 வருடம் வேலை பார்த்துச் சேர்த்த பணம் அப்படியே கிடக்கிறது. இரண்டு முறை எழுதிப் பார்த்தாள். நானும் முதலாளி என்ற முறையில் கடிதம் கொடுத்தேன். நடக்கவில்லை. 65 வயதானால் எடுக்கலாம். அவள் பிறந்தது 1993ல்.

கணக்கு அறிக்கை வருடா வருடம் கடை முகவரிக்குத்தான் வருகிறது. இப்போது கடையைப் பார்ப்பது தம்பி. உறையைப் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டு வைக்கிறான்.